ஒட்டகத்தைக் கட்டினோமா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11-ஐ நிறுவ முயன்று, அது பாதியில் நின்று கோப்புகள் அழிந்தால், "எல்லாம் இறைநாட்டம்" என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்? பிள்ளைகளின் பாடங்களையும் மறைந்த பெற்றோரின் படங்களையும் முன்கூட்டியே நகலெடுக்காதது தவக்குல் அன்று, அலட்சியம்.

4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி ஆகியவை உள்ளனவா என முதலில் பார்ப்போம். இடம் போதாதெனில் வேண்டாத கோப்புகளை நீக்கி மீண்டும் முயல்வோம். கணினியே தகுதிபெறாதெனில், லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளம் அதற்கு மறுவாழ்வு தரும். உழைக்கும் கருவியை எறிந்துவிட்டுக் கடனில் புதிது வாங்குவது வீண்விரயம். அருட்கொடைகள் குறித்து நாளை மறுமையில் நாம் வினவப்படுவோம்.