பழைய ஸ்போர்ட்ஸ் கார்: இன்ஜின் பயத்தில் எவ்வளவு நியாயம்?

சிம்மக்கல்லில் கிளம்பி ஏ.வி. பாலம் ஏறி கோரிப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கார் எத்தனை தடவை நின்று நகர வேண்டியிருக்கிறது என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த நெரிசலிலும் வெயிலிலும் பத்து வருடம் ஓடிய ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்க வழியில்லை. இந்தியாவில் போலோ விற்பனை 2022-லேயே முடிந்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்கியவருக்கு முதல் வாரம் சந்தோஷம்தான். அப்புறம் காலையில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் காது பானெட் பக்கம் போய்விடுகிறது. ‘இது என்ன சத்தம்? நேத்து இல்லையே!’

இந்தப் பயம் வெறும் மனப்பிராந்தி இல்லை. ஆனால் பெரும்பாலும் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

நம் ஊரில் செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஃபெராரி இல்லை. 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015-ல் ஃபியட் கொண்டுவந்த 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோ, ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் போன்றவைதான். எல்லாமே டர்போ பெட்ரோல் வண்டிகள். போலோவின் 1.2 லிட்டர் இன்ஜினே 105 குதிரைத்திறன் தந்தது. சின்ன இன்ஜினிலிருந்து அதிக சக்தியைப் பிழிந்தெடுப்பதுதான் டர்போவின் வேலை. அதன் சுழலி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. சாதாரணக் காரில் ஆயில் மாற்றுவதை நாலு மாதம் தள்ளிப்போட்டால் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். டர்போ அந்த அளவுக்குப் பொறுக்காது. ஆயில் கெட்டியாகி, கருகி, நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். முதலில் டர்போ போகும். சில சமயம் இன்ஜினையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே 90 ஆயிரம் கி.மீ. ஓடிய வண்டி என்றால் உடனே முகம் சுளிக்க வேண்டியதில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் ஓடிய 90 ஆயிரம், சிம்மக்கல் சந்துகளில் முதல் கியரிலேயே ஊர்ந்த 35 ஆயிரத்தைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று. ‘இன்ஜின் போச்சு’ என்று டீக்கடையில் கேட்கும் கதைகளில் பல, உண்மையில் கியர்பாக்ஸ் கதைகள். போலோ ஜிடியில் இருந்தது ஏழு கியர் டிஎஸ்ஜி. உலர் கிளட்ச் வகை. நின்று நின்று போகும் டிராஃபிக் அதற்கு ஆகவே ஆகாது. 2013-ல் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, இந்த வகை கியர்பாக்ஸில் இருந்த சிந்தெடிக் ஆயிலை மினரல் ஆயிலாக மாற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில், நெரிசலில் ஓடும் வண்டிகளில் மின்கோளாறு வருகிறது என்பதே காரணம். இதன் மெகட்ரானிக்ஸ் பகுதி போனால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டலாம். இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பவர், சிக்னலில் வண்டி நகரும்போது வருகிற உதறலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்.

2020-க்குப் பிறகு வந்த போலோவில் 1.0 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின். ஆட்டோமேட்டிக்கில் டிஎஸ்ஜிக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர். போலோ நின்ற பிறகும் அதே இன்ஜின் குடும்பம் விர்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் கார்களில் தொடர்ந்ததால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. அபார்த் கதை வேறு. ஃபியட் இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டது. இன்ஜின் நன்றாகவே இருந்தாலும் ஒரு சென்சாருக்காக வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கலாம். பழைய கார் வாங்குபவர் ‘இன்ஜின் தாங்குமா?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘பார்ட்ஸ் கிடைக்குமா?’ என்று கேட்பது புத்திசாலித்தனம்.

இப்போது இ20 பெட்ரோலும் கவலைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பதால் டர்போ இன்ஜினில் ‘நாக்கிங்’ கூடாது. ஆனால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் கொஞ்சம் குறையும். இ20-க்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், சீல்கள் சீக்கிரம் தேயலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கலாம் என்று வண்டியைப் போர்வை போர்த்தி நிறுத்திவைப்பவர்கள்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

பயம் ஒரு காரின் விலையையே தீர்மானித்த கதை வெளிநாட்டில் உண்டு. 1990-களின் கடைசியில் வந்த போர்ஷே 911, பாக்ஸ்டர் கார்களில் ‘ஐஎம்எஸ்’ என்ற ஒரு பேரிங். அது உடைந்தால் இன்ஜின் மொத்தமும் காலி. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013-ல் சமரசம் ஆனது. உடைந்தது சிறு பங்கு வண்டிகளில்தான். ஆனாலும் யாருடையது உடையும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததால், நல்ல வண்டிகளும் பல வருடம் விலை குறைந்தே கிடந்தன. பேரிங்கை மாற்றியதற்கு பில் வைத்திருந்தவர் மட்டும் தப்பித்தார்.

நம் ஊரில் அந்த பில்தான் கிடைப்பதில்லை. அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, காப்பீடு, புகைச் சான்று எதுவரை என்பதெல்லாம் வருகிறது. எத்தனை கி.மீ. ஓடியது என்பது மட்டும் வராது. மீட்டரைக் குறைத்துவைப்பது லேப்டாப்பை இணைத்தால் சில நிமிட வேலை. பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை, அன்றைய கி.மீ. பதிவாகும், வண்டி எண் தெரிந்த யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெல்ஜியத்தில் 2006 முதல், கி.மீ. வரலாறு உள்ள ‘கார்-பாஸ்’ இல்லாமல் பழைய கார் விற்க முடியாது. இங்கே சொந்தக் காருக்கு எஃப்.சி. என்பதே 15 வருடம் கழித்துத்தான்.

ஆனால் புகைச் சான்றுக்கு பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகள் வருடம் ஒருமுறை போயே ஆக வேண்டும். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஏற்றுகிற அந்த நிமிடத்தில் மீட்டரையும் ஒரு படம் எடுத்து ஏற்றினால் என்ன? புதிய அலுவலகம் வேண்டாம், புதிய கட்டணம் வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைச் செய்ய வேண்டும் என்பது நம் கோரிக்கை. வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, வண்டியை ஒழுங்காக வைத்திருந்து நியாய விலை கேட்கிறவருக்கும் இது உதவும்.

அதுவரை வாங்குகிறவர் பாடுதான். காலையில், விற்பவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய்விட வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜினில் செயின் சத்தம், நீலப் புகை எல்லாம் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த கம்பெனி வண்டிகளைப் பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், ஸ்கேனர் போட்டு, கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லலாம். பவர் கூட்ட ‘ரீமேப்’ செய்த வண்டியா என்பதையும் கேட்க வேண்டும். விற்பவர் மெக்கானிக்கைக் கூட்டிவரவே விடவில்லையா? அந்த வண்டி வேண்டாம்.