முதுகு திறந்த ஸ்பீக்கர்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் ஒலிபெருக்கிக்கு 'ஓ பர்லர்' என்று பெயர். உரக்கப் பேசுவது என்று பொருள். தமிழ்ப் பெயரிலும் பெருக்குவதுதான் இருக்கிறது. எழுபது தாண்டிய காதுக்கோ தெளிவுதான் வேண்டும். பாட்டில் வார்த்தை புரியாமல் சத்தத்தைக் கூட்டி, வீட்டாரிடம் பேச்சு வாங்காதவர் நம்மில் யார்?

ஜெயங்கொண்டம் வீட்டில் தம்பி மகன் எனக்கு இரண்டு 'ஓப்பன் பேஃபிள்' செய்து கொடுத்தான். 2 அடி அகல பிளைவுட் பலகையில் 10 அங்குல ஸ்பீக்கர், பெட்டியே கிடையாது. நம் பழைய வால்வு ரேடியோவுக்கும் பின்னால் துளையிட்ட அட்டைதானே இருந்தது! 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியை அப்படித்தான் கேட்டோம்.

எம்.டி. ராமநாதன் பாட்டைப் போட்டேன். அந்தக் கனத்த குரல் பெட்டிக்குள் முழங்காமல், எதிரே உட்கார்ந்து பாடுவது போல் வந்தது. ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது.

குறையும் உண்டு. முன்னும் பின்னும் கிளம்பும் அலைகள் எதிரெதிரானவை. தாழ்ந்த ஒலியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து கேட்கிறது. சுவரை விட்டு 3 அடியாவது தள்ளி வைக்கவும் வேண்டும்.

ஆனால் அதே காரணத்தால் பக்கவாட்டில் சத்தம் குறைவு. அடுத்த அறையில் பேரன் படிக்கிறான், கூடத்தில் நான் கச்சேரி கேட்கிறேன், சண்டை இல்லை. தரை அதிரும் பெட்டி வாங்கப் போகிறவர்கள், ஒரு முறை இதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.