பசறைக்குச் செம்மறி வேண்டாம்

தோட்டக் குடும்பத்துக்கு வாழ்வாதாரம் என்றதும் நம் அதிகாரிகளுக்கு முதலில் நினைவு வருவது ஆடு. கயிற்றோடு ஒப்படைப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். இப்போது வெள்ளாட்டோடு செம்மறியையும் சேர்த்துக் கொடுக்கலாம், இரண்டும் ஒரே பட்டியில் வளரட்டும், குட்டிகளுக்கு ஒரே தொட்டியில் தீவனம் வைக்கலாம் என்ற யோசனை பதுளை மாவட்டத்தின் பசறைப் பக்கம் காதில் விழுகிறது. சொன்னவர்கள் எவரும் 7 பேர்ச்சஸ் காணியில் வீட்டைக் கட்டி, மலசலகூடத்துக்குக் குழியும் வெட்டி, மிச்சத்தில் பட்டி போட்டவர்கள் அல்லர்.

குட்டிக்குத் தனித்தீவனம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பிறந்து இரண்டு வாரத்தில் குட்டி இலையைக் கடித்துப் பார்க்கத் தொடங்கும். திட உணவு உள்ளே போனால்தான் அதன் முதல் இரைப்பை வளரும். எவ்வளவு பால் குடித்தாலும் அந்த வேலை நடக்காது. ஆனால் தொட்டியில் எதை வைத்தாலும் தாய் தலையை விட்டு முடித்துவிடும். பட்டியின் ஒரு மூலையை மூங்கிலால் அடைத்து, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டால் குட்டி நுழையும், தாய் வெளியே நிற்கும். (கொட்டுகச்சிய என்ற ஆட்டினத்துக்கு அளந்த இடைவெளியில் நம் ஒல்லியான நாட்டு ஆடு புகுந்துவிடும், அளவை அந்தந்தப் பட்டியில்தான் பார்க்க வேண்டும்.) உள்ளே அரைத்த சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் சோயா. மிஞ்சியதை அன்றன்றே அள்ளித் தாய்க்குப் போட்டுவிட வேண்டும். நனைந்து புளித்தால் கழிச்சல். ஆடு கொடுக்கும் திட்டங்களில் இந்த மூங்கிலுக்கு மட்டும் பணம் இருக்காது. மூங்கிலோடு நின்று படம் எடுத்தால் எடுபடாது போலும்.

சிக்கல் இனித்தான். அந்த இடைவெளி தாயையும் குட்டியையும் பிரிக்கும். செம்மறிக் குட்டியையும் வெள்ளாட்டுக் குட்டியையும் பிரிக்காது. இரண்டும் ஒரே தொட்டியில் வாய் வைக்கும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2005 இல் வகுத்த எல்லையைப் பாருங்கள். ஒரு கிலோ உலர்தீவனத்தில் செம்பு செம்மறிக்கு 15 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மாட்டுக்கு 40. கோழிக்கும் பன்றிக்கும் 250. வெள்ளாடு மாட்டின் பக்கம் நிற்பது. பன்றித் தீவனத்தில் வளர்ச்சிக்காகச் செம்பைக் கூட்டிக் கலப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். கடையில் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கும் தீவனம் பன்றிக்கா, கோழிக்கா, மாட்டுக்கா? அந்த விவரம் சாக்கோடு கடையிலேயே நின்றுவிடும்.

செம்மறியின் ஈரலுக்கு மிஞ்சிய செம்பை வேகமாக வெளியே தள்ளத் தெரியாது. மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும். வெளியே ஓர் அடையாளமும் இராது. பிறகு ஒரு நாள் லொறியில் ஏற்றியதாலோ தீனி குறைந்ததாலோ உடம்பு தளரும்போது, அவ்வளவும் இரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளிக்கும், மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும், ஓரிரு நாளில் ஆடு விழுந்துவிடும். பக்கத்து லயத்தார் நஞ்சு வைத்தார்கள் என்று சண்டை வரும்.

அப்படியானால் செம்பு குறைந்த தீவனத்தைப் போடலாமே என்பார்கள். போடுங்கள். செம்பு போதாத வெள்ளாட்டுக் குட்டிக்குப் பின்னங்கால் தள்ளாடும். யார் பதில் சொல்வது? இரண்டையும் சேர்த்து வளர்த்தால் புழுத் தொல்லை குறையும் என்ற வாதம் அதைவிட மோசம். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வயிற்றுப்புழு ஒன்றேதான். மாட்டோடு மேய்ப்பதைப் பற்றி எங்கோ படித்ததை இங்கே ஒட்டுகிறார்கள்.

தீவனத்தை விட எனக்குப் பெரிய கவலை புல். 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்குள் புகுந்த காலந்தொட்டு நம் மலைகளில் செம்பு மருந்து தெளிக்கிறோம். அந்தச் செம்பு ஆவியாகிப் போவதில்லை, அழுகி மறைவதுமில்லை. தேயிலை வரிசைக்கு இடையில் அறுத்த புல்லும், நிழல் மரத்தில் வெட்டிய முள்முருங்கைக் குழையும்தான் தோட்டத்து ஆட்டின் சாப்பாடு. செம்பு மருந்து அடித்த பழத்தோட்டங்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் மேய்ந்து செம்மறிகள் செத்ததை வெளிநாட்டு மிருக வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். திராட்சைக்குப் பொருந்துவது தேயிலைக்குப் பொருந்தாதா? தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் பசறை கோணக்கலையிலேயே இருக்கிறது. மண்ணையும் இலையையும் சோதிப்பவர்களுக்கு ஒரு கட்டுப் புல்லைச் சோதிப்பது பெரிய வேலையா?

புல்லில் உள்ள செம்பின் கணக்கு வெளிவரும்வரை பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் எதற்கும் ஒரு செம்மறிகூட வரக்கூடாது. வடக்கின் காய்ந்த மேய்ச்சலில் அது நன்றாகவே வாழ்கிறது, அங்கேயே இருக்கட்டும். செம்மறிக்கென்று ஒதுக்கும் பணம் இருந்தால் பட்டி பட்டியாக மூங்கில் தடுப்புக்குக் கொடுங்கள். திட்டம் வென்றதா என்று பார்க்க, கொடுத்த ஆட்டை எண்ணாதீர்கள். மூன்றாம் மாதம் பால் மறந்து உயிரோடு நிற்கும் குட்டியை எண்ணுங்கள்.