மனிதக் கை படாத தீவாம்!

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளைப் பற்றி எழுதும் பயணக் கட்டுரைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. "மனிதக் கை படாத சொர்க்கம்" என்று எழுதாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது போல.

எக் தீவையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துத் தீவின் பெயர் ரம். (ஏதோ பார் மெனு என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே தீவுகள்தான்!) மல்லேய்கில் கப்பல் ஏறினால், அதிர்ஷ்டம் இருந்தால் வழியிலேயே திமிங்கலம் தெரியும். இறங்கினால் 393 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அன் ஸ்கூர் பாறை, மிதித்தால் கீச்சிடும் மணல், பொன்னிறக் கழுகு. அழகுதான், யார் இல்லை என்றது?

ஆனால் அந்தப் பாறைக்குக் கீழே புல் மூடிக் கிடக்கும் கற்சுவர்கள் யாருடையவை? க்ரூலின் என்ற ஊர் அது. 1853ல் ஆட்டுப் பண்ணைக்காக 14 குடும்பங்களைக் கிளப்பிவிட்டார்கள். ரம்மில் இன்னும் மோசம். 1826ல் சுமார் 300 பேரைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். குடியானவன் தரும் வாடகையைவிட ஆட்டு ரோமத்தில் லாபம் அதிகம், அவ்வளவுதான் கணக்கு. இன்றைக்கு நாம் "ஆகா, என்ன அமைதி" என்று உருகுவது அந்த லாப நட்டக் கணக்கின் மிச்சத்தைப் பார்த்துத்தான்.

"மனுசன் வந்தால் பறவை போய்விடும்" என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். அவர்கள் எக்கின் பிந்தைய கதையையும் கொஞ்சம் படிக்கலாம். பல காலம் அந்தத் தீவு முழுசாக ஒரு முதலாளி கையிலிருந்து இன்னொரு முதலாளி கைக்கு விலை போய்க்கொண்டிருந்தது. உறுதியான குத்தகை கிடையாது. நாளைக்கு இருப்போமா என்றே தெரியாதவன் கூரையை எதற்கு மாற்றுவான்? 1997 ஜூனில் தீவுக்காரர்களே, ஹைலண்ட் கவுன்சிலோடும் ஸ்காட்டிஷ் வனவிலங்கு அறக்கட்டளையோடும் சேர்ந்து, சுமார் 15 லட்சம் பவுண்டுக்குத் தீவை வாங்கினார்கள். பணத்தில் பெரும்பகுதி பொதுமக்கள் நன்கொடை. கூட்டாளி யார் என்று கவனித்தீர்களா? வனவிலங்கு அறக்கட்டளை!

அப்போது அங்கே இருந்தவர்கள் சுமார் 65 பேர். இப்போது நூறைத் தாண்டிவிட்டார்கள். கழுகு எங்கும் ஓடிப்போகவில்லை. சுற்றுலாக்காரர்கள் கார் கொண்டுவரக் கூடாது. 2008 பிப்ரவரியில் நீர், காற்று, வெயில் மூன்றையும் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு மின்சார அமைப்பே போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு 5 கிலோவாட் உச்சவரம்பு, மீறினால் கரண்ட் கட். அதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் சத்தம்தான்.

காற்றாலை படத்தைக் கெடுக்கிறதே என்று கேமராவோடு முகம் சுளிக்கும் ரசிகர்களுக்கு ஒரு தகவல்: அந்த நான்கு காற்றாலைகளும் நிற்பது அதே அன் ஸ்கூருக்குக் கீழேதான்.