தோல் இனிக்குது, கறி கசக்குதா?

ஆம்பூர் பிரியாணி என்றதும் எச்சில் ஊறாத ஆள் உண்டா? சீரக சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, விறகடுப்பு, தம்... பக்கத்தில் எண்ணெய் கத்திரிக்காயும் வெங்காயத் தயிர் பச்சடியும். ஆற்காடு நவாப் சமையற்கட்டிலிருந்து வந்த கைப்பக்குவம் என்பார்கள். சரி, யாருடைய சமையற்கட்டிலிருந்து வேண்டுமானாலும் வரட்டும். இன்று அது யாருடையது? அதுதான் கேள்வி.

2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. புவிசார் குறியீடு வாங்கும் முயற்சிக்கும் அது உதவும் என்றார்கள். நல்ல விஷயம்தானே? ஆனால் கோழி உண்டு, ஆடு உண்டு, மாட்டுக்கறி பிரியாணி மட்டும் இல்லை! எதிர்ப்பு கிளம்பியது. விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட அமைப்புகள், வெளியே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாகவே கொடுப்போம் என்றன. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடாக ஏன் கருதக்கூடாது என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. கடைசியில், மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மழைக்கு நன்றி!

இப்போது ஒரு சின்ன வணிகவியல் பாடம். தோல் என்பது இறைச்சித் தொழிலின் உபபொருள். எங்கோ ஓர் ஊரில் ஒரு மாடு அறுபடாமல் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் மாட்டுத்தோல் வந்து சேராது. அந்தத் தோல் பதனிடப்பட்டு, வெட்டப்பட்டு, ஷூவாகி, கப்பலேறி, அந்நியச் செலாவணியாகத் திரும்பி வருகிறது. அப்போது அது தொழில் வளர்ச்சி. அதே மாட்டின் கறி தட்டில் வந்தால் மட்டும் சங்கடமா? ஒரே சரக்கை வரவில் எழுதி, பற்றில் மறைத்தால் கணக்கு வாத்தியார் என்ன சொல்வார்?

"மாட்டுக்கறி வைத்தால் சிலர் மனம் புண்படும்" என்பது வழக்கமான பதில். ஆட்டுக்கறியைப் பார்த்து சைவக்காரர் மனம் புண்படாதா? அதற்காக யாரும் ஆட்டை நிறுத்தவில்லையே. வேண்டாதவர் அந்தக் கடைப்பக்கம் போகாமல் இருந்தால் முடிந்தது. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி விற்பதற்கும் தின்பதற்கும் தடை இல்லை. சட்டம் தடுக்காததை அரசு விழா ஏன் தடுக்க வேண்டும்?

இன்னொரு பதில், "அசல் ஆம்பூர் பிரியாணி மட்டன்தான்" என்பது. அப்படியானால் கோழிக்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது?

2022 ஜூலை 1 அன்று யுனெஸ்கோ, போர்ஷ்ட் என்ற பீட்ரூட் சூப் சமைக்கும் உக்ரைன் மரபை, அவசரமாகக் காக்கவேண்டிய பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ரஷ்யர்களும் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கும் சூப்தான் அது. ரஷ்ய அரசுத் தரப்பு எரிச்சலடைந்தது. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து ஷூ மேல்பாகங்களை அள்ளி வாங்கிய சோவியத் நாட்டின் இரண்டு துண்டுகள், ஒரு சூப்புக்காக முட்டிக்கொண்டன. அங்கே சண்டை, "இது எங்களுடையதும்தான்" என்று. இங்கே அதைச் சொல்லவே சிலருக்கு அனுமதி இல்லை.

யார் அந்தச் சிலர்? தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி நாற்றத்தில் நின்றவர்கள், ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்து கிடப்பவர்கள். பெரும்பாலும் தலித்துகளும் முஸ்லிம்களும். மட்டன் விலைக்குக் கை எட்டாத நாளில் அவர்கள் வீட்டுக்குப் பிரியாணி வாசனையைக் கொண்டுவருவது மாட்டுக்கறிதான். அவர்கள் உழைப்பால் ஊருக்குப் பெயர். ஊர்ப் பெயரில் விழா. விழாவில் அவர்கள் சாப்பாட்டுக்கு இடமில்லை. இதற்குப் பெயர் பண்பாடா, தீட்டா?

ஆம்பூர் பெயரில் மறுபடி ஒரு விழா எடுக்க நினைப்பவர்கள் முதலில் காலில் கிடக்கும் செருப்பைக் குனிந்து பார்க்கட்டும். அது எந்த விலங்கின் தோல் என்று தெரிந்த பிறகு, எந்தக் கடைக்கு இடம் இல்லை என்று சொல்லட்டும்.