விரிசலுக்கு ஃபர்னஸ் மட்டுமா காரணம்?

பல்லுக்குப் போடுற கேப்புல பீங்கான் விரிசல் விட்டா டாக்டருங்க உடனே சொல்றது, "உங்க ஃபர்னஸ் சரியில்ல". மாட்டுங்கா லேப்ல இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்களே.

விஷயம் சுடுறதுல மட்டும் இல்லை, ஆறுறதுல இருக்கு. பீங்கான் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். அதனால அடியில் இருக்கும் உலோகம் ஒரு துளி அதிகமாச் சுருங்கணும். ஒரு டிகிரிக்கு உலோகம் பத்து லட்சத்தில் சுமார் 14 பங்கு, பீங்கான் 13. லியூசைட் சேர்த்து இந்தப் பொருத்தத்தைக் கொண்டுவந்த வைன்ஸ்டீன் குழுவுக்கு 1962லேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சாச்சு. நாம இன்னும் பேர் தெரியாத மலிவு உலோகத்து மேல ஏதோ ஒரு பவுடரைப் பூசிட்டிருக்கோம். கேட்டா, "டாக்டர் குடுக்குற ரேட்டுக்கு இதுதான்" என்பார் முதலாளி.

உலோகம் தாங்காம பீங்கான் 2 மி.மீ.க்கு மேல தொங்கினாலும் போச்சு. அது எங்க தப்பு, ஒத்துக்கறேன்.

ஆனா "சாயங்காலமே வேணும்"னு நெருக்கி, மெதுவா ஆறவேண்டியதைச் சூட்டோட உருவ வைக்கிறது யாரு? தாராவி கும்பார்வாடாவுல பானை சுடுறவர்கிட்ட போய் சூளையை இப்பவே பிரிங்கன்னு சொல்லிப் பாருங்களேன் :-)