கியர் போட்டால் 'டங்'... கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

''எங்களிடம் பழைய குட்டி யானை வண்டி இருக்கிறது. கீரைக்கட்டு, மாட்டுத்தீவனம் எல்லாம் அதில்தான் போகின்றன. சில மாதங்களாக முதல் கியரில் கிளம்பும்போதும், ரிவர்ஸ் போடும்போதும் அடியில் 'டங்' என்று சத்தம் கேட்கிறது. பட்டறையில் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். அறுப்பு நேரத்தில் வண்டி இல்லாமல் முடியாது. என்ன செய்யலாம்? மழைக்காலத்தில் வேளச்சேரி - தாம்பரம் சாலையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டியதும் உண்டு.''

- வாசகர், பள்ளிக்கரணை.

வாசகர் போகிற போக்கில் எழுதியிருக்கும் கடைசி வரியில்தான் விடைக்கான துப்பு இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் மழைநீர் சீக்கிரம் வடியாது. ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போயாக வேண்டும். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அது எப்படி இருந்தது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரித் தண்ணீரில் இறங்கிய சரக்கு வண்டி அன்றைக்கே பழுதாகாது. சில மாதம் கழித்துத்தான் சத்தம் போடும்.

குட்டி யானைக்கு இன்ஜின் முன்னால், இழுப்பது பின்சக்கரம். இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு ஷாஃப்ட் சுழல்கிறது. அதன் முனைகளில் கூட்டல் குறி போல இருக்கும் இணைப்பைத்தான் 'கிராஸ்' என்கிறார்கள். அதன் நான்கு கைகளிலும் ஊசி போன்ற சிறு பேரிங்குகள் உண்டு. தண்ணீர் புகுந்து கிரீஸை வெளியேற்றினால், அவை துருப்பிடித்துத் தேயும். தேய்ந்த இடத்தில் இடைவெளி விழும். கியர் போட்டு கிளட்ச்சை விடும்போது ஷாஃப்ட் அந்த இடைவெளியைக் கடந்து போய் மோதுகிறது. அதுதான் 'டங்'. முன்னோக்கிப் போன வண்டியை ரிவர்ஸில் எடுக்கும்போது சத்தம் கூடுவதும் இதனால்தான்.

ஆகவே, கியர் பாக்ஸில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சைலன்ஸர் ஆறட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிராஸின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து, எதிரெதிர் திசையில் முறுக்குங்கள். மேலும் கீழும் ஆட்டுங்கள். கிராஸுக்குள்ளேயே ஆட்டம் தெரிந்தாலோ, அதன் மூடிகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தாலோ, மாற்ற வேண்டியதுதான். ஷாஃப்ட் மொத்தமாகக் கொஞ்சம் திரும்பினால் பயப்பட வேண்டாம். பல்சக்கரங்களுக்கு நடுவே அந்த அளவு இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

கிராஸ் நன்றாக இருந்தால், அடுத்து இன்ஜின் மவுன்டிங் ரப்பர். வெடிப்போ, எண்ணெயில் ஊறிய உப்பலோ இருந்தால், கிளம்பும்போது இன்ஜினே தூக்கிப்போடும். சத்தம் அதிலிருந்தும் வரலாம். பின் அச்சைப் பட்டையோடு இறுக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும். ஒரு ஸ்பேனரோடு தீரும் வேலை அது! 'டங்' இல்லாமல் 'கர்ர்' என்று பல் உரசுகிற சத்தம் என்றால், அது வேறு கதை. கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீரில் போன வண்டியில் ஆயிலையும் சோதிக்க வேண்டும். ஓடிச் சூடான பின் அச்சு, தண்ணீரில் இறங்கியதும் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி, விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள், உடனே மாற்றுங்கள். கியர் பாக்ஸ் ஆயிலையும் இப்படியே பார்த்துவிடலாம். ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வடிக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் போல்ட் துருப்பிடித்து வரமாட்டேன் என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வடித்த ஆயிலில் இரும்புச் சில்லுகள் தென்பட்டால், அப்போது கியர் பாக்ஸையோ டிஃபரன்ஷியலையோ பிரிக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயிலின் தரம், அளவு இரண்டையும் வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து வாங்குங்கள்.

கிராஸ் மாற்றும்போது, ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பழைய நிலையிலேயே திரும்பப் பூட்டாவிட்டால், 'டங்' போய் அதிர்வு வந்துவிடும். நிப்பிள் உள்ள கிராஸாக வாங்குவது நல்லது. நான்கு மூடிகளிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். இனி தண்ணீரில் இறங்கிய வாரமே மறுபடியும் அடித்துவிடுங்கள்.

அறுப்பு முடியும்வரை இப்படியே ஓட்டலாமா என்றால், கிராஸில் ஆட்டம் இருந்தால் கூடவே கூடாது. ஓட்டத்தில் அது உடைந்து ஷாஃப்ட்டின் முன்முனை தரையில் குத்தினால், சரக்கோடு வண்டி கவிழவும் வாய்ப்புண்டு. கிராஸ் மட்டும் என்றால், உதிரி பாகம் கையில் இருக்கும் பட்டறையில் பெரும்பாலும் அரை நாளில் முடிந்துவிடும். கீரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் விட்டுவிடுங்கள்.